பத்தொன்பது லெட்சுமிகள்

செலாசே தோட்டத்தில் பத்தொன்பது லெட்சுமிகள் இருந்தார்கள். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், அவர்கள் பதினெட்டுப் பேர் ஆனார்கள். யாரும் சாகவில்லை. யாரும் தோட்டத்தை விட்டுப் போகவுமில்லை. ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வள்ளிநாயகி கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது.

ரெம்பாவிலிருந்து சிரம்பான் போகும் பழைய ரோட்டில் இறங்கி, செம்மண் பாதையில் ஒன்றரை மைல் உள்ளே நடந்தால் செலாசே. கம்பெனி தோட்டத்தை விற்றுவிட்டது. டிசம்பருக்குள் ரப்பர் மரங்களைச் சாய்த்து, லயங்களை, அதாவது வரிசை வீடுகளை, இடித்து, நிலத்தை ஒப்படைக்க வேண்டும். சங்கத்துக்காரர்கள் நாலு வருஷம் நடையாய் நடந்து ஒரு காரியத்தைச் சாதித்திருந்தார்கள். குடும்பத்துக்கு ஒரு வீடு. செனாவாங் பக்கத்தில், இரண்டு அறை, தகரக் கூரையில்லை, ஓடு. செக்ரோலில், அதாவது தினமும் ஆள் வந்ததைக் குறிக்கும் புத்தகத்தில், அந்தக் குடும்பத்தில் யார் பேர் இருக்கிறதோ அவர் பேரில் வீடு. ஆபீஸ் ஆட்களுக்குக் கிடையாது.

வள்ளிநாயகி ஆபீஸ் ஆள். அப்பா நல்லசாமி ரப்பர் பால் ஏற்றும் லோரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்ததிலிருந்து வீட்டோடு இருந்தார். ஆகவே மூன்றாவது லயத்தில் இருந்த அந்தக் குடும்பத்துக்கு வர வேண்டிய வீடு அம்மாவின் பேரில்தான் வர வேண்டும். அம்மா லெட்சுமி. பால்மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவள். பதினைந்து வயதில் வெட்டுக்காட்டுக்குள் நுழைந்தவள், மழை பெய்து மரம் நனைந்த நாளும் பிள்ளை பெற்ற நாளும் தவிர மற்ற நாளெல்லாம் அங்கேதான்.

ஆனால் அவளுடைய ஐசியில், அதாவது அடையாள அட்டையில், லெட்சுமி என்று இல்லை. லெச்சாமி என்று இருந்தது. அந்தக் காலத்துப் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர், செக்ரோலில் அப்படி எழுதி வைத்தார். ஐசி எடுக்க வந்தவர்கள் செக்ரோலைப் பார்த்து அப்படியே இறக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடப் பாரத்தில் தாயார் பேர் என்ற இடத்தில் லெச்சாமி என்று வள்ளி எழுதிக் கொடுத்தபோது வகுப்பே சிரித்தது. உங்கம்மா மீசை வைத்திருப்பாரா என்று கேட்டவன் இன்னும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறான். அந்தப் பேர் வள்ளிக்கு நெஞ்சில் குத்திய முள். கிராணி செத்துப் பல வருஷம் ஆகியும் அவள் அவரை மன்னிக்கவில்லை.

வீட்டுப் பட்டியல் தயாரிக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. நூற்று நாற்பத்து மூன்று குடும்பம். ஒவ்வொரு வரிக்கும் பேர், தகப்பன் பேர், ஐசி நம்பர், லயம், கதவு நம்பர். நிலத்தை வாங்கியவர்கள் முதலில் லயவாரியாகக் கேட்டார்கள். அடித்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் அகரவரிசையில் கேட்டார்கள். அதற்கடுத்த வாரம் எல்லாம் பெரிய எழுத்தில் வேண்டும் என்றார்கள். பிறகு, ஒரே பேர் இரண்டு தடவை வருகிறதே, சரியாகப் பார்த்து அனுப்பக்கூடாதா என்று கடிதம் வந்தது. லயம் மாறிய சில குடும்பங்கள் இரண்டு இடத்திலும் பதிவாகியிருந்தது உண்மைதான். ஒரு வரிக்கு இருபத்து மூன்று தட்டு. வள்ளி எண்ணிப் பார்த்திருந்தாள். வலது மணிக்கட்டு பன் மாதிரி வீங்கிவிட்டது.

"இங்க கொண்டா கைய," என்று அம்மா காற்றெண்ணெயை ஊற்றித் தேய்த்தாள். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "நானூறு மரம் வெட்டுறேன், எனக்கு வலிக்கல. ஒக்காந்து தட்டுறவளுக்கு வலிக்குதா?"

"ஒங்களுக்கு வலிக்கும். சொல்ல மாட்டீங்க."

"சொன்னா மட்டும் கங்காணி வந்து தேச்சு விடுவாரா?" அம்மா சிரித்தாள். "ஏன்டி, இந்த வேலய அந்த மிஷினே செஞ்சுக்காதா? அதுக்குத்தானே வாங்கிப் போட்டாங்க."

"செஞ்சுக்குமாம்மா. அதுக்குத் தனியா ஒரு டிஸ்கெட்டு இருக்காம். மேக்ரோன்னு சொல்றாங்க. நாம தட்டுறத அது கத்துக்கிட்டு அதுவாத் தட்டுமாம்."

"அப்ப வாங்கித் தொலைக்கச் சொல்லு இப்ப இருக்குற கிராணிய. அது மாதிரி ஒன்னு வெட்டுக்காட்டுக்கும் வந்தா நானும் வீட்டுல படுத்துக்குவேன் லா."

பக்கத்து வீட்டு லெட்சுமி வாசலில் நின்று இதைக் கேட்டுச் சிரித்தாள். இவளை எல்லாரும் லச்சிமி என்பார்கள். அம்மாவைவிட இரண்டு வயது மூத்தவள், புருஷன் இல்லை, பேச்சு வராத மகள் ஒருத்தி. இருபது வருஷத்துக்கு மேலாக இரண்டு பேருக்கும் வெட்டுக்காட்டில் அடுத்தடுத்த நிரை, அதாவது மரவரிசை. ஒருத்தி வெட்டி முடிக்காமல் மற்றவள் வீடு திரும்பியதில்லை. தோட்டத்தில் லெச்சாமி என்றால் ஒருத்தி, லச்சிமி என்றால் இன்னொருத்தி. சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

மறு சனிக்கிழமை இப்போதைய கிராணி இராஜமாணிக்கம் வள்ளியை அழைத்துக்கொண்டு சிரம்பான் போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், துணிக்கடை மாடியில், உடையப்பன் என்கிற செட்டியார் வீட்டுப் பிள்ளை கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். அப்பாவின் தொழில் பிடிக்காமல் இதில் இறங்கியவன். நெற்றியில் திருநீறு மட்டும் அப்பா மாதிரி. கிராணி கீழேயே நாசி லெமாக் பொட்டலம் இரண்டு வாங்கிக்கொண்டு ஏறினார், வேலை முடிய நேரமாகும் என்று.

உடையப்பன் இரண்டு டிஸ்கெட்டை மேசையில் வைத்தான்.

"ரெண்டும் மேக்ரோதான் சார். வேலை செய்யுற விதம் வேற. இந்த மொதலாவது, ஒவ்வொரு வரியிலயும் நிக்கும். இதை மாத்தவா, இதை அழிக்கவான்னு கேக்கும். நீங்க 'ஒய்' பட்டன அழுத்துனா செய்யும், 'என்' பட்டன அழுத்துனா விட்டுட்டு அடுத்ததுக்குப் போகும்."

"ரெண்டாவது?" என்றார் கிராணி.

"அது கேக்காது. வள்ளி ஒரு தடவை கையால செஞ்சு காட்டுனா பாத்து வச்சிக்கும். அப்புறம் ஒரே ஓட்டம். கடைசி வரி வரைக்கும் நிக்காது."

வள்ளி முதலாவதைப் போட்டுப் பார்த்தாள். திரையின் அடியில் கேள்வி வந்தது. ஒய் அழுத்தினாள். மறுபடி கேள்வி. மறுபடி ஒய். பத்தாவது கேள்வியில் மணிக்கட்டு தெறித்தது. கையை உதறிக்கொண்டாள்.

"இதுல நூத்தி நாப்பத்தி மூணு தடவை நான் பதில் சொல்லணுமா?"

"பேர் திருத்தம் ஒரு சுத்து, ரெட்டைப் பேர் அழிக்கிறது ஒரு சுத்து. ரெண்டு தடவை சொல்லணும்."

இரண்டாவதைப் போட்டாள். ஒரு பேரை மாற்றிக் காட்டினாள். பட்டனை அழுத்தியதும் திரையில் பேர்கள் மழை மாதிரி ஓடின. அவள் முகம் மலர்ந்துவிட்டது. கிராணியே பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"தங்கச்சி, ஒன்னு சொல்றேன்," என்றான் உடையப்பன். "ரெண்டாவதுதான் நல்லா ஓடுது, எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. ஆனா ஆள் பேரு லிஸ்ட்டுன்னா நான் மொதலாவதத்தான் குடுப்பேன். சாமான் லிஸ்ட்டுன்னா பரவால்ல."

"பேருதானே அண்ணே. அதுல என்ன இருக்கு?"

கிராணி வாயிலிருந்த சோற்றை விழுங்கினார். "கேட்டுக்கிட்டே நிக்கிறதுக்கு மிஷின் எதுக்குப்பா? அதுக்குத்தான் எங்ககிட்ட ஆள மேய்க்குற மந்தோர் இருக்கானே. ரெண்டாவதையே போட்டுக் குடு."

மூன்று பேரும் சிரித்தார்கள். உடையப்பனும்தான்.

அந்த வியாழக்கிழமை வள்ளி இரண்டு மேக்ரோ செய்தாள். முதலாவது பேர்களைத் திருத்த. லெச்சாமி, லச்சிமி, லெச்சிமி, லட்சாமி, லெட்சமா என்று பழைய கிராணி கோணலும் மாணலுமாக எழுதி வைத்த பத்தொன்பது விதத்தையும் ஒரே லெட்சுமியாக்கினாள். இதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளாகச் செய்தாள். நல்ல காரியம் என்று நினைத்துத்தான் செய்தாள். இரண்டாவது, இரட்டைப் பதிவை அழிக்க. அகரவரிசையில் அடுக்கி, பேரும் தகப்பன் பேரும் மேல் வரியோடு ஒத்திருந்தால் கீழ் வரியை எடுத்துவிடு. ஓட விட்டுவிட்டுக் கோப்பி கலக்கப் போனாள். கோப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்திருந்தது.

ஸ்டோரில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு அம்மா ஜன்னல் பக்கம் வந்தாள். கையெல்லாம் ஒட்டுப்பால். உள்ளே வரவில்லை.

"எம்பேரு எங்கடி இருக்கு?"

"இதோ. லெட்சுமி, தகப்பன் பேரு ராமசாமி. இப்பதான் சரியா இருக்கு."

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "லெச்சாமின்னுதானே இருக்கும்?"

"அந்தத் தப்பத்தாம்மா திருத்திட்டேன்."

"ஓ," என்றாள். "பாக்க நல்லாத்தான் இருக்கு." மழை கட்டியிருந்தது. கொடியில் துணி காய்கிறது என்று ஓடினாள்.

கிராணி பட்டியலைப் புரட்டிப் பார்த்து, எழுத்தெல்லாம் எவ்வளவு சுத்தம் என்று சொல்லி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்பினார். மொத்தம் எத்தனை வரி என்று அவர் எண்ணவில்லை. வள்ளியும் எண்ணவில்லை. மிஷின் செய்ததை யார் எண்ணுவார்கள்?

ஆகஸ்டு கடைசியில் சாவி கொடுக்கும் நாள். காலைப் பெரட்டில் ஆள் கூப்பிடும் கொட்டகையிலேயே மேசை போட்டிருந்தார்கள். நில ஆபீஸிலிருந்து ஒரு மலாய்க்கார பெகாவாய் வந்திருந்தார். அதிகாரிதான், ஆனால் தன்மையான மனிதர், எல்லாக் கிழவிகளையும் அத்தை என்கிற மாதிரி மாச்சிக் என்றுதான் கூப்பிட்டார். பெண்கள் பொங்கலுக்கு எடுத்த சேலையில் வந்திருந்தார்கள். யார் வீட்டிலோ மரவள்ளிக்கிழங்கு அவித்து வாளியில் கொண்டுவந்து பரிமாறினார்கள். பெரட்டுக்கு வரும்போது யாரும் சிரித்து வந்ததில்லை, அன்று சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

ஐசியில் ஒரு பேர், பட்டியலில் ஒரு பேர் என்று முதல் லெட்சுமியிலேயே தடங்கல் வந்தது. நல்ல வேளை, நம்பர் ஒத்திருந்தது. எழுத்துப் பிழையென்றால் திருத்தலாம், தோட்ட ஆபீஸ் இரண்டு வரியில் கடிதம் கொடுத்தால் போதும் என்றார் பெகாவாய். கிராணி முத்திரையை எடுத்துவரச் சொன்னார். வள்ளி டைப்ரைட்டரைக் கொட்டகைக்கே தூக்கி வந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு லெட்சுமிக்கும் ஒரு கடிதமாக அடித்தாள். கடிதம் கொடுக்கக் கொடுக்கச் சாவி கிடைத்தது. அவளுக்கு உயிர் வந்தது.

"லெட்சுமி, ராமசாமி மகள்."

இரண்டு பேர் எழுந்தார்கள். லெச்சாமியும் லச்சிமியும். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"ஒங்கள அடுத்ததாக் கூப்புடுவாங்க பெரியம்மா," என்றாள் வள்ளி.

பெகாவாய் அடுத்த பேரைப் பார்த்தார். அது லெட்சுமி, வீரப்பன் மகள். இன்னும் கீழே பார்த்தார். மறுபடி மேலே வந்தார். லச்சிமியின் ஐசி நம்பரை விரலால் தேடினார். இல்லை. இன்னொரு தடவை முதலிலிருந்து தேடினார். "தாக் அடா," என்றார். இல்லை.

வள்ளி பட்டியலை வாங்கி வரிகளை எண்ணினாள். நூற்று நாற்பத்து இரண்டு. என்ன நடந்தது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. லெச்சாமி, ராமசாமி மகள். லச்சிமி, ராமசாமி மகள். வேறு வேறாக இருந்த இருவரை முதல் மேக்ரோ ஒருத்தியாக்கியது. இரண்டாவது மேக்ரோ அந்த ஒருத்தியை இரட்டைப் பதிவு என்று அழித்தது. மேல் வரி மூன்றாவது லயம், ஐந்தாவது கதவு. அவள் வீடு. கீழ் வரி ஆறாவது கதவு.

"பெரியம்மா," என்றாள். பட்டியலைக் கிராணியிடம் நீட்டி நடந்ததைச் சொன்னாள்.

கிராணிதான் எல்லாருக்கும் கேட்கும்படி விளக்கினார். கிழங்கு வாளியைச் சுற்றி நின்றவர்கள் கையை எடுத்துவிட்டார்கள்.

"பழைய கிராணி கன்னாபின்னான்னு எழுதி வச்சதால வந்த வினை," என்று முடித்தார் இராஜமாணிக்கம். "பேரு சரியில்லன்னு புள்ள திருத்திருச்சு."

"யாரு சொன்னா சரியில்லன்னு?" லச்சிமி கேட்டாள். அவள் குரல் உயரவில்லை. "பெரட்டுல நாங்க பத்தொம்பது பேரு லெட்சுமி. அவரு லெட்சுமின்னு கூப்புட்டா பத்தொம்பது பேரும் ஏன்யான்னு நிப்போம். ஒருத்தி வராட்டி இன்னொருத்திக்கு ஆப்சென்ட் விழும். அதுக்காக ஒவ்வொருத்தியா நிக்க வச்சு, நீ லெச்சாமி, நீ லச்சிமி, நீ லெட்சமான்னு அவருதான் பிரிச்சு எழுதுனாரு. மூணு நாளு அதையே சொல்லிச் சொல்லிக் கூப்புட்டாரு, மனசுல நிக்கட்டும்னு. எங்களுக்கு அது தெரியும். எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

ஒன்பது வயதிலிருந்து வள்ளி யாரைத் திட்டிக்கொண்டிருந்தாளோ அந்த மனிதர் தப்பே செய்யவில்லை. தெரிந்தே, யோசித்து, ஆள் பார்த்து எழுதியிருக்கிறார். அம்மா வீட்டிலேயும் லச்சிமி அடுத்த கதவிலேயும் இருந்தும் இதை அவளிடம் யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

பின்னாலிருந்து, அவர்களோடு மரம் வெட்டுகிற மயிலம்மாள் பேசினாள். "ரெண்டுல ஒன்னு போவணும்னா அடுத்தவ வீடுதான் போவுது பாருங்க. அம்மா வீடு பத்திரமா இருக்கு. மிஷினுக்குக்கூட ஆள் தெரியுது."

யாரும் அவளை அடக்கவில்லை. அதுதான் வள்ளியைக் கொன்றது.

கிராணி பெகாவாயிடம் மலாயில் கெஞ்சினார். பிழை எங்களுடையது, ஒரு பேரை மட்டும் சேருங்கள் என்றார். பெகாவாய் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பட்டியல் மேலே ஒப்புதலாகி மூடிவிட்டது. வீடும் நூற்று நாற்பத்து இரண்டுதான் ஒதுக்கியிருக்கிறார்கள். எழுத்தைத் திருத்த எனக்கு அதிகாரம் உண்டு, நம்பரைத் திருத்த உண்டு, ஆளைச் சேர்க்க இல்லை. "நாமா சத்து, ரூமா சத்து," என்று வருத்தத்தோடு சொன்னார். ஒரு பேர், ஒரு வீடு.

லச்சிமியின் மகள் அம்மாவின் முந்தானையை இழுத்து, என்ன என்று கையால் கேட்டாள். லச்சிமி ஒன்றுமில்லை என்று கையால் சொன்னாள். ஐசியை எடுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

"அக்கா, நில்லு," என்றாள் அம்மா.

மேசைக்கு முன்னால் வந்தாள். "வள்ளி, எனக்கும் ஒரு லெட்டர் அடிக்கணும்ல. அடி."

வள்ளி காகிதத்தைச் செருகினாள். லெட்சுமி என்று பட்டியலில் உள்ளவரும் லெச்சாமி என்று ஐசியில் உள்ளவரும் ஒருவரே, என்று அடிக்க ஆரம்பித்தாள்.

"அது இல்லடி. லிஸ்ட்டுல இருக்குறது அக்கா பேரு, நம்பருதான் தப்புன்னு அடி. அக்கா நம்பரப் போடு."

வள்ளி நிமிர்ந்து பார்த்தாள். கிராணி, "லெச்சாமி, என்ன பேசுற?" என்றார்.

"நம்பர அடிச்சதும் எம்மவ. பேர அடிச்சதும் எம்மவ. எதத் தப்பா அடிச்சான்னு அவதானே சொல்லணும்?"

"பொய்யில்ல எழுதச் சொல்ற?"

"நெசத்த எழுதுனா அக்கா புள்ள எங்க போவும்?" அம்மா லச்சிமியின் மகளைக் காட்டினாள். "எம்மவளுக்குக் கையும் இருக்கு, வேலையும் இருக்கு. மம்பாவ் பக்கம் ஒரு ரூம் பாத்துக்குவோம்."

அப்பா நல்லசாமி கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்தார். "ஏய், வீட்டுக்குப் போயி பேசிக்கலாம்," என்றார்.

"வீடா?" என்றாள் அம்மா. அவர் உட்கார்ந்துவிட்டார்.

லச்சிமி வேகமாகத் திரும்பி வந்தாள். அவளுக்கு நன்றி சொல்கிற முகம் இல்லை, கோபம்தான் இருந்தது. "யாருடி ஒன்னையக் கேட்டா? ஒம்மவ செஞ்சதுக்கு நீ தெண்டம் கட்றியா? எனக்கு வேணாம்."

"ஒனக்கு யாரு குடுத்தா? வாய மூடு. அந்தப் புள்ளைக்கு."

"அம்மா, வேணாம்மா," என்றாள் வள்ளி. "வேற வழி பாக்கலாம்."

"நாளைக்கு நான் அந்த வீட்டுல அடுப்பு மூட்டுனா, மயிலு சொன்னத இந்தத் தோட்டமே சொல்லும். ஒன்னையச் சொல்லும். தட்டு, வள்ளி. மழை வர்றதுக்குள்ள அக்கா சாவிய வாங்கணும்."

வள்ளி காகிதத்தை உருவிவிட்டுப் புதிதாக ஒன்று செருகினாள். லச்சிமியின் ஐசியை வாங்கி மேசையில் வைத்து, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் பார்த்து அடித்தாள். ஏழு எண். மணிக்கட்டு வலித்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. கையெழுத்து அவள்தான் போட்டாள். கிராணி முகத்தைத் திருப்பிக்கொண்டு முத்திரை குத்தினார்.

பெகாவாய் கடிதத்தைப் படித்தார். இரண்டு பெண்களையும் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்பது எல்லாருக்கும் விளங்கியது. ஆனாலும் அவர் சட்டப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டும், பாரத்தில் பதில் எழுத வேண்டும். அம்மாவின் பக்கம் குனிந்து, மெதுவான மலாயில் கேட்டார். அப்படியென்றால் மாச்சிக் பேர் இந்தப் பட்டியலில் இல்லை. மாச்சிக் இந்தத் தோட்டத்தில் வேலை செய்தவரா?

கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் அவளோடு வெட்டுக்காட்டுக்குப் போனவர்கள். அவள் திரும்பி யாரையும் பார்க்கவில்லை.

"இல்ல துவான்," என்றாள் லெச்சாமி. "நான் இங்க வேலை செஞ்சதில்ல."